கூடுதல் வரி! குறைந்த கல்வி!

செல்வன் பிள்ளைக்கு நல்ல பள்ளி, ஏழை பிள்ளைக்கு ஓட்டைப் பள்ளி என்பது எந்த நாட்டிலும் புதுமையன்று. ஆனால், ஏழை தன் பிள்ளையின் படிப்புக்கென்று செல்வனைவிட மிகுந்த வீதத்தில் வரி கட்டினான். கட்டியும் அவனுக்குக் கிடைத்தது ஓட்டைப் பள்ளியே. இந்த ஏற்பாடு சட்டத்திற்கு மாறானதன்று என்று அந்நாட்டின் உச்ச அறமன்றமே கூறியும் விட்டது எனின், அதை என்னென்பது? குடியாட்சியின் காவலன் என்று உலகெங்கும் பறையறைந்து வரும் அமெரிக்காவில், தெக்சாசு மாநிலத்தில், சான் அந்தோனியோ நகரின் மேற்குப் பகுதியாகிய எட்சுவுடு என்னும் பள்ளி வட்டாரத்தில் நடந்தது இது.

1968-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள். எட்சுவுடு உயர்நிலைப் பள்ளியின் மாணவர் ஏறத்தாழ நானூற்றுவர் வகுப்புகளை விட்டு வெளியேறினர். வட்டாரக் கல்விக் கண்காணிப்பாளரின் அலுவலகம் நோக்கி அணிவகுத்துச் சென்றனர். உடைந்த பலகணிகளைச் செப்பம் செய்க. பாடம் நடத்தத் தகுதியுடைய ஆசிரியரைத் தருக. இவைதாம் அவர்களின் கோரிக்கைகள். கோட்டையைப் பிடிக்கப் போனவர்களல்லர் அவர்கள். கண்ணாடியும் ஆசிரியரும் கேட்டுப் போனவர்கள். பிள்ளைகள் தொடங்கியதைப் பெற்றோர் கையிலெடுத்தனர். அவர்களுள் ஒருவர் தெமெத்திரியோ உரோத்திரிகசு. அண்டையிலிருந்த கெல்லி வான்படைத் தளத்தில் தகட்டு வேலை செய்த தொழிலாளி. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர். அவருடைய மக்கள் எட்சுவுடு தொடக்கப் பள்ளியில் படித்து வந்தனர். அவரும் பிற பெற்றோர் சிலரும் அவ்வாண்டே வழக்குத் தொடுத்தனர்.

அவ்வழக்கின் உட்பொருளை உணர, அந்நாட்டுப் பள்ளி வட்டாரம் எத்தகையது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் கல்வி மாவட்டம் எனின் அஃது ஓர் அலுவலரின் மேற்பார்வைக்கு உட்பட்ட பரப்பு, அவ்வளவே. அங்கோ பள்ளி வட்டாரம் என்பது ஏறத்தாழ ஒரு சிற்றரசு. மக்கள் ஒப்போலையிட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியம் அதனை ஆளும். கண்காணிப்பாளரை அமர்த்துவது அவ்வாரியம். ஆசிரியரைச் சேர்ப்பதும் செலவுத் திட்டம் வகுப்பதும் அவ்வாரியம். நிலத்தின் மீதும் மனையின் மீதும் பள்ளி வரி விதிப்பதும் அதுவே. குடவோலையால் வாரியம் அமைத்த உத்திரமேரூர் மரபில் வந்தார்க்கு இம்முறை கேட்கும்போதே இனிக்கும். கசப்பு அதன் பின்னர் உள்ளது. வரி விதிக்கும் உரிமை எல்லா வட்டாரங்கட்கும் ஒன்றே. வரி விதிக்கத்தக்க செல்வமோ ஒன்றன்று. ஆலைகளும் பெருங்கடைகளும் மாளிகைகளும் எந்த எல்லைக்குள் வீழ்ந்தனவோ அந்த வட்டாரத்துப் பிள்ளைகட்குப் பொற்காலம். தொழிலாளர் குடியிருப்புகளே நிறைந்த வட்டாரத்துப் பிள்ளைகட்கு என்ன வாய்க்கும்?

எட்சுவுட்டில் அந்நாளில் இருபத்தைந்து பள்ளிகள். ஏறத்தாழ 22,000 மாணவர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் மெக்சிக்க வழியினர்; அறுவர்க்குமேல் கருப்பினத்தவர். அதே நகர்ப்புறத்தில் ஆலமோ ஐட்சு என்றொரு வட்டாரம். அங்கு ஆறு பள்ளிகள், 5,000 மாணவர், பெரும்பாலார் வெள்ளையர். வழக்கில் ஒப்பிட்டுக் காட்டப்பட்ட 1967-68-ஆம் கல்வியாண்டுக் கணக்கைக் காண்க. எட்சுவுட்டில் வரிக்குரிய உடைமையின் மதிப்பு மாணவர் ஒருவர்க்கு 5,960 தாலர். ஆலமோ ஐட்சிலோ 49,000 தாலருக்கு மேல். எட்சுவுட்டு மக்கள் நூறு தாலர் மதிப்புக்கு 1 தாலர் 5 காசு வரி கட்டினர். அந்நகர்ப்புறத்திலேயே மிகவுயர்ந்த வீதம் அதுதான். ஆலமோ ஐட்சு மக்கள் கட்டியதோ 85 காசு. மாநிலத் திட்டத்திற்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, அந்த உயர்ந்த வரியால் எட்சுவுட்டின் மாணவர் ஒருவர்க்கு மிஞ்சியது 26 தாலர். அந்தத் தாழ்ந்த வரியால் ஆலமோ ஐட்சு மாணவர்க்கு மிஞ்சியது 333 தாலர்!

இந்த இடைவெளியை அடைக்கத்தானே மாநில அரசு உள்ளது என்று கேட்கத் தோன்றும். 1949-ஆம் ஆண்டு முதல் தெக்சாசில் அடிப்படைப் பள்ளித் திட்டம் என ஒன்று இருந்தது. அதன்வழி எட்சுவுட்டு மாணவர் ஒருவர்க்குக் கிடைத்தது 222 தாலர். ஆலமோ ஐட்சு மாணவர்க்கு? 225 தாலர். எழுத்துப் பிழையன்று, செல்வ வட்டாரத்திற்கே மூன்று தாலர் மிகுதி. ஆசிரியரின் பட்டத்தையும் பட்டறிவையும் பார்த்துச் சம்பளத்திற்கு உதவி தருவது அத்திட்டத்தின் முறை. நல்ல ஆசிரியரை விலை கொடுத்து ஈர்க்கவல்ல வட்டாரம் அதனாலேயே மேலும் உதவி பெற்றது. பசித்தவன் இலையில் ஒரு பிடி, உண்டவன் இலையில் ஒரு பிடியும் ஒரு துளி நெய்யும்! நடுவணரசின் உதவி மட்டுமே ஓரளவு ஏழையின் பக்கம் சாய்ந்தது. எட்சுவுட்டுக்கு 108 தாலர், ஆலமோ ஐட்சுக்கு 36. எல்லாங் கூட்டினும் அங்கு 356, இங்கு 594.

ஏழை வட்டாரம் இன்னும் வரியை ஏற்றிக்கொள்ளலாகாதா என்பார்க்கு வழக்கில் விடை இருந்தது. அம்மாவட்டத்தின் பிற வட்டாரங்களுள் மிகவுயர்ந்த வருவாய்க்கு நிகராகத் தாமும் திரட்ட வேண்டுமாயின், ஆலமோ ஐட்சு நூற்றுக்கு 68 காசு வரி விதித்தால் போதும். எட்சுவுடோ 5 தாலர் 76 காசு விதித்தல் வேண்டும். பள்ளி நடப்புச் செலவுக்கான வரி நூற்றுக்கு ஒன்றரைத் தாலரைத் தாண்டலாகாது என்பது மாநிலச் சட்டம்! எனவே, தன் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வரி செலுத்த ஏழை அணியமாயினும், அவன் கையைச் சட்டமே பிடித்துக்கொண்டது.

பணக்கணக்கு வகுப்பறையில் எப்படி முகங்காட்டியது? எட்சுவுட்டு ஆசிரியருள் நூற்றுக்கு 47 பேர் முழுத் தகுதியின்றி, நெருக்கடி ஒப்புதலின்பேரில் பாடம் நடத்தினர். ஆலமோ ஐட்சில் 11 பேர். மாணவர்க்கு வழிகாட்டும் அறிவுரையாளர் அங்கு 645 பேருக்கு ஒருவர். எட்சுவுட்டில் 3,098 பேருக்கு ஒருவர். மூவாயிரம் பிள்ளைகளின் முகத்தை எந்த மாந்தனால் நினைவில் வைத்திருக்க முடியும்?

இதனோடு மொழிக் கொடுமையும் சேர்ந்திருந்தது. 1918-இல் தெக்சாசு இயற்றிய சட்டம், பொதுப்பள்ளியில் ஆங்கிலமன்றிப் பிற மொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கிற்று. வீட்டில் இசுபானியம் பேசி வளர்ந்த பிள்ளை, பள்ளி வாயிலில் தன் தாய்மொழியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். விளையாட்டுத் திடலில் வாய் தவறி அதைப் பேசினும் ஒறுப்புண்டு. இருமொழியில் கற்பிக்க 1969-இல்தான் சட்டம் இடங்கொடுத்தது. தாய்மொழியைப் பறித்து, தகுதியில்லா ஆசிரியரைத் தந்து, பின்னர்த் தேர்வு வைத்து, இவ்வினத்துப் பிள்ளைகட்குப் படிப்பு ஏறாது என்று சொன்னார்கள். இவ்வுரை தமிழ்க் காதுகட்குப் புதிதன்று.

வழக்கு 1971-ஆம் ஆண்டு இறுதியில் மூன்று நடுவர்கள் கொண்ட நடுவண் மன்றத்தில் பெற்றோர்க்கு வெற்றியாயிற்று. மாநிலம் மேன்முறையீடு செய்தது. 1973 மார்ச்சு 21-ஆம் நாள் உச்ச அறமன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில் அதனை மாற்றிற்று. (வழக்கின் பெயரில் எதிரியாக நிற்பது சான் அந்தோனியோ பள்ளி வட்டாரம். ஆனால், அவ்வட்டாரம் முன்பே வழக்கினின்று விடுபட்டு, பெற்றோர் பக்கம் நின்று முறையீடும் எழுதித் தந்தது. மன்றப் பதிவேடுகளின் விந்தைகளுள் இஃது ஒன்று.) பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் இலூயிசு பவல், முன்னர் இரிச்சுமண்டு நகரப் பள்ளி வாரியத்தின் தலைவராக இருந்தவர். கல்வி, நடுவண் அரசமைப்புச் சட்டம் உறுதிகூறும் அடிப்படை உரிமையன்று என்றார். எட்சுவுட்டுப் பிள்ளைகட்குக் கல்வி அறவே மறுக்கப்படவில்லை என்றார். செலவு மிகுந்தால் கல்வி சிறக்கும் என்பது அறிஞரிடையே முடிவாகாத செய்தி என்றார். அந்தந்த வட்டாரம் தன் பள்ளியைத் தானே ஆளும் உரிமையைக் காப்பதே இவ்வரி முறையின் நோக்கம் என்றும் கூறினார்.

பணத்திற்கும் கல்விச் சிறப்புக்கும் தொடர்பு தெளிவில்லையெனின், செல்வ வட்டாரத்தார் அந்தக் கூடுதல் பணத்தை விட்டுக்கொடுக்க ஏன் முன்வரவில்லை? பவலின் நீண்ட தீர்ப்பில் இக்கேள்விக்கு விடையில்லை. உள்ளூர் ஆட்சியுரிமை என்பதோ இன்னும் வேடிக்கை. ஆசிரியர்க்குச் சம்பளமும் பலகணிக்குக் கண்ணாடியும் வாங்க இயலாத வாரியம் எதனை ஆளும்? கருப்பினத்தினின்று அம்மன்றம் ஏறிய முதல் நடுவராகிய தர்குடு மார்சல் இதனைத் தம் மாறுபட்ட தீர்ப்பில் விளக்கி எழுதினார். வியப்பென்னவெனில், பெரும்பான்மையில் சேர்ந்த பாட்டர் இசுட்டூவர்ட்டும் இம்முறை குழப்பமானது, நேர்மையற்றது என்று ஒப்புக்கொண்டே, அரசமைப்புக்கு மாறானதன்று என்று கையொப்பமிட்டார்.

நடுவண் மன்றத்தின் கதவு அடைபட்டதும் மக்கள் மாநில மன்றத்தின் கதவைத் தட்டினர். இம்முறை 1984-இல் வழக்காளியாக முன்நின்றது எட்சுவுட்டு வட்டாரமே. மாநில அரசமைப்பில், பள்ளி முறை திறம்பட அமைதல் வேண்டும் என்றொரு சொல் இருந்தது. அச்சொல்லைப் பற்றிக்கொண்டு வாதாடினர். மிக ஏழையான வட்டாரத்தில் மாணவர் ஒருவர்க்கு 20,000 தாலர் உடைமை. மிகச் செல்வ வட்டாரத்தில் 140 இலக்கம் தாலர். எழுநூறு மடங்கு வேற்றுமை! செல்வம் மிக்க நூறு வட்டாரங்கள் நூற்றுக்கு 47 காசு வரி விதித்து மாணவர் ஒருவர்க்கு 7,233 தாலர் செலவிட்டன. ஏழ்மை மிக்க நூறு வட்டாரங்கள் எழுபத்து நாலரைக் காசு விதித்தும் 2,978 தாலரே செலவிட முடிந்தது. 1989 அக்டோபர் 2-ஆம் நாள் தெக்சாசு உச்ச அறமன்றத்தின் ஒன்பது நடுவரும் ஒருமித்து, இம்முறை செல்லாது என்றனர். சட்டமன்றம் இயற்றிய திருத்தங்களும் அடுத்தடுத்து வீழ்ந்தன. செல்வ வட்டாரங்களின் மிகை வருவாயில் ஒரு பங்கைப் பெற்று ஏழை வட்டாரங்கட்கு வழங்கும் 1993-ஆம் ஆண்டுச் சட்டமே 1995-இல் மன்றத்தின் ஒப்புதல் பெற்றது. அதற்கு எதிரிகள் இட்ட பெயர் இராபின் ஊடு திட்டம்; செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்த ஆங்கிலக் கதைக் கள்வனின் பெயர். வரியை உரிய இடத்தில் சேர்ப்பதற்குக் கள்ளனின் பெயர்! நாற்பதாண்டுகள் பெற்றதற்கு அவர்கள் யார் பெயரை இட்டார்களோ?

பணம் வந்ததும் எட்சுவுட்டில் குறையெல்லாம் நீங்கிவிடவில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. 1998-இல் தனியார் அறக்கொடை ஒன்று, அவ்வட்டாரத்துப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போகப் பத்தாண்டுகட்கு 5 கோடித் தாலர் தர முன்வந்தது. மாநில உதவி தலைக்கணக்கில் வருவது; ஒரு பிள்ளை போனால் அப்பிள்ளைக்குரிய தொகையும் போகும். கட்டடத்தின் செலவோ விளக்கின் செலவோ அதனால் குறைவதில்லை. மக்கள் தேர்ந்த வாரியத்தினுள்ளும் பூசல் முற்றிற்று. காலியான ஓர் இடத்தை நிரப்பவும் ஒத்துப்போக இயலாமல், 2016-இல் மாநிலக் கல்வித் துறை அவ்வாரியத்தை ஒதுக்கி வைத்துத் தானே மேலாண்மைக் குழுவை அமர்த்தியது. ஏழை வட்டாரத்தில் வாரியத்தார் தமக்குள் மோதிக்கொள்வது செல்வ வட்டாரத்து மோதலைப் போன்றதன்று. அங்குச் செய்தித்தாளில் நாலு வரி. இங்குப் பிள்ளையின் ஓராண்டுப் படிப்பு. அரசுப் பணத்தைத் தனியார் பள்ளிக் கட்டணத்திற்குத் திருப்பும் சட்டமொன்றைத் தெக்சாசு மாநிலமே 2025-இல் 100 கோடித் தாலர் ஒதுக்கீட்டோடு இயற்றியிருக்கிறது.

உரோத்திரிகசு 2013-இல் மறைந்தார். 1989-இல் அவர் நோக்கம் வென்றபோது, அவர் எந்த மக்களுக்காக வழக்குத் தொடுத்தாரோ அவர்கள் பள்ளிப் பருவத்தைக் கடந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. சட்ட நூல்களில் அவர் பெயரைத் தாங்கி நிற்பதோ 1973-ஆம் ஆண்டுத் தோல்விதான்.