"மூவாயிரத்து நூற்று இருபது ரூபாய்தானே சார், விட்டுடுங்க!"



தலைப்பில் இருக்கும் வாசகம் என்னுடையது அல்ல. கடந்த இரண்டு மாதத்தில் குறைந்தது பத்துப் பேர் என்னிடம் சொன்னது. அந்தப் பத்தில் பாதிப் பேர் இந்தப் பதிவைப் படிக்கப் போகிறவர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நடந்தது இதுதான். 1998-இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் ஏப்ரல் சந்திப்பில் 10,000 ரூபாய் திரட்டி, "பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுங்க சார்" என்று என் கையில் கொடுத்தார்கள். பிள்ளைகளைக் கேட்டேன். எல்லோரும் செஸ் என்றார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து நம் பள்ளியில் மதிய இடைவேளையில் சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, புளியங்கொட்டையை வைத்து ஆடுகிறார்கள். யானை எது, குதிரை எது என்பதிலேயே சண்டை வந்துவிடுகிறது.

ஜூன் தொடக்கத்தில் என் டெபிட் கார்டில் ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். 4 கேரம் போர்டு 5,800. 12 செஸ் செட் 3,120. 10 ஸ்கிப்பிங் கயிறு 950. டெலிவரிக் கட்டணம் 130. கூட்டிப் பாருங்கள், சரியாக 10,000.

ஜூன் 9 அன்று ஒரு பெரிய பெட்டி வந்தது. கேரம் போர்டும் கயிறும் இருந்தன. செஸ் செட் ஒன்றுகூட இல்லை. பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டில் "1/2" என்று அச்சிட்டிருந்தது. அதாவது இரண்டு பெட்டியில் இது முதல் பெட்டி. சரி, இன்னொன்று நாளைக்கு வரும் என்று நினைத்து ஆப்பைத் திறந்தால், மொத்த ஆர்டரும் "டெலிவரி ஆகிவிட்டது" என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது.

அன்று மாலையே புகார் செய்தேன். ஆப்பில் புகாருக்கு இரண்டு பொத்தான்தான். "ஆர்டர் வரவே இல்லை", "பொருள் சேதம்". பாதி வந்தது, பாதி வரவில்லை என்று சொல்ல இடமே இல்லை. என்னைப் போல் எத்தனை பேர் அந்த இடத்தில் திகைத்து நின்று, பிறகு போனை மூடி வைத்திருப்பார்கள் என்று யோசித்தேன். மின்னஞ்சலில் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: "எங்கள் பதிவின்படி டெலிவரி முடிந்தது. நீங்கள் ஓடிபி கொடுத்திருக்கிறீர்கள். புகார் முடித்து வைக்கப்பட்டது."

ஓடிபி கொடுத்தேன், உண்மை. வந்த பெட்டிக்குக் கொடுத்தேன். வராத பெட்டிக்கு யாராவது ஓடிபி கொடுப்பார்களா?

இந்த இடத்தில் ஒரு உறவினர், "டெலிவரி பண்ண பையன் மேல கம்ப்ளைன்ட் குடுங்க மாமா" என்றார். மாட்டேன் என்றேன். அந்தப் பையன் கொண்டுவந்த பெட்டியை மூன்று மாடி தூக்கி வந்து கொடுத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அவன் கையில் கொடுக்கப்படாத பெட்டிக்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்? கீழே நிற்பவனைப் பிடித்து உலுக்குவது சுலபம். அதனாலேயே அது பெரும்பாலும் தவறாக இருக்கும்.

ஜூன் 16 அன்று வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என் மகன் வயது, மரியாதையாகத்தான் பேசினார். "சார், நீங்களே கார்டு நம்பர் போட்டு, நீங்களே ஓடிபி போட்டிருக்கீங்க. இது ஃப்ராடு இல்லையே. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நான் விடாமல் நிற்கவே, ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் முதல் வரியே, "இந்தப் பணப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்று இருந்தது. "இதுல கையெழுத்துப் போடுங்க சார், பார்க்கலாம்" என்றார்.

முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்னவன் நான். உண்மையான குறைக்கு நிவாரணம் வாங்க நான் பொய்யில் கையெழுத்துப் போட வேண்டுமா? போடவில்லை. நீங்களும் போடாதீர்கள். அது நேர்மைக்கு மட்டும் கேடு அல்ல, காரியத்துக்கும் கேடு. உங்கள் போனுக்கு வந்த ஓடிபி பதிவில் இருக்கும், புகார் அன்றைக்கே படுத்துவிடும்.

இதில் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயத்தைப் பிரித்துச் சொல்கிறேன். நமக்குத் தெரியாமல் ஒருவன் நம் கார்டில் பணம் எடுத்தால் அது மோசடி. நாமே பணம் கட்டி, கட்டிய பணத்துக்குப் பொருள் வராவிட்டால் அது வேறு. இதற்கென்று தனி வழி இருக்கிறது. பெயர் சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்களின் விதிகளிலேயே "பொருள் கிடைக்கவில்லை" என்று தனிக் காரணம் உண்டு. கிரெடிட் கார்டுக்கு மட்டுமல்ல, டெபிட் கார்டுக்கும் உண்டு. நம் வங்கி அந்தக் கேள்வியைக் கடைக்காரரின் வங்கிக்கு அனுப்பும். அந்த வங்கி கடைக்காரரைக் கேட்கும். பொருளைக் கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டியவர் அவர். அந்தக் காலத்தில் மணியார்டர் போய்ச் சேரவில்லை என்றால் ரசீதை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுப்போமே, ஏறக்குறைய அதுதான்.

மேலாளரிடம் போய், "மோசடி இல்லைங்க. பொருள் கிடைக்கவில்லை என்ற டிஸ்ப்யூட். ஒரு பகுதி மட்டும்" என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. சரியான படிவம் அதே மேசையின் இழுப்பறையில்தான் இருந்தது! சொல் தெரிந்தால் கதவு திறக்கிறது, தெரியாவிட்டால் "முடியாது". இதைத்தான் நான் குற்றம் என்கிறேன். உரிமை இருக்கிறது, ஆனால் அதன் பெயரைச் சொல்லிக் கேட்பவனுக்குத்தான் அது கிடைக்கும் என்றால், எழுதப் படிக்கச் சிரமப்படும் ஒரு அம்மாவுக்கு யார் சொல்வது?

தொகைக் கட்டத்தில் 3,120 என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த ஒருவர், "பத்தாயிரம்னு போடுங்க சார், இழுத்துப் பிடிச்சா மூவாயிரமாவது வரும்" என்றார். இது என்ன மாட்டுச் சந்தையா? வந்த கேரம் போர்டுக்குப் பணம் திருப்பிக் கேட்பது திருட்டு. மேலும், மொத்தத்துக்கும் கேட்டால் கடைக்காரர் ஒரு பெட்டி கொடுத்த ஆதாரத்தைக் காட்டி நம்மைப் பொய்யனாக்கிவிடுவார். வராததற்கு மட்டும், வராதது அத்தனைக்கும். ஒரு ரூபாய் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

சொந்தமாக ஆன்லைன் வியாபாரம் செய்யும் என் மாணவர் ஒருவர் வருத்தப்பட்டார். "பொருளை வாங்கி வச்சிக்கிட்டு வரலைன்னு சொல்றவங்களும் இருக்காங்க சார். எங்களுக்குப் பொருளும் போகுது, பணமும் போகுது." அவர் சொல்வது நியாயம். அதனால்தான் முதலில் கடைக்கே எழுத வேண்டும், அவகாசம் கொடுக்க வேண்டும், பிறகுதான் வங்கி. ஆனால் தம்பி, பொய் சொல்லும் வாடிக்கையாளருக்காக உண்மை சொல்லும் வாடிக்கையாளரைத் தண்டிக்கலாமா? வகுப்பில் ஒருவன் காப்பியடித்தான் என்று மொத்த வகுப்புக்கும் சுழியம் போட்டேனா நான்?

பிறகு என்ன ஆனது? கடைக்காரர் தரப்பிலிருந்து என் வீட்டு வாசலில் ஒரு பெட்டி இருக்கும் புகைப்படத்தை ஆதாரமாக அனுப்பினார்கள். வங்கி என்னிடம் விளக்கம் கேட்டது. நான் அதே பெட்டியின் சீட்டைக் கிட்டத்தில் எடுத்த படத்தை அனுப்பினேன். "1/2". இரண்டாவது பெட்டியின் படம் எங்கே என்று ஒரே ஒரு வரி எழுதினேன். ஆகஸ்ட் 4 அன்று 3,120 ரூபாய் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. வங்கியில் எழுதிக் கொடுத்து 49 நாள்.

உங்களுக்கு இப்படி நடந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பிரிக்கும் முன் சீட்டோடு படம் எடுங்கள். போனில் பேசினாலும் பிறகு எழுத்தில் ஒரு முறை அனுப்புங்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "இன்னும் ஏழு நாள் பொறுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் ஏமாறாதீர்கள். சார்ஜ்பேக்குக்குக் கெடு உண்டு. கார்டு நிறுவன விதியில் பொதுவாக 120 நாள், ஆனால் வங்கிகள் அதற்கு முன்பே கேட்கலாம். சீக்கிரம் போவதே நல்லது. வங்கியில் கொடுத்த மனுவுக்குத் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். கடை மீது புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது.

இப்போது "விட்டுடுங்க" என்றவர்களுக்கு வருகிறேன். என் மேல் உள்ள அக்கறையில் சொன்னீர்கள், தெரியும். ஆனால் அது என் பணம் இல்லை. இருபது வயதில் வெளியூர் போய், மில்லிலும் லாரியிலும் ஆபீஸிலும் உழைத்த பிள்ளைகள் இருநூறு, முந்நூறு என்று போட்டது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு ஏது அதிகாரம்? என் பணமாகவே இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். முழு ஆர்டரும் வராவிட்டால் எல்லோரும் சண்டை போடுவோம். பாதி வந்தால், "போகட்டும்" என்று விடுகிறோம். அந்தப் "போகட்டும்" மேல்தான் இந்த இரண்டு பொத்தானும் நிற்கிறது. எனக்கு ஓய்வூதியமும் உண்டு, நேரமும் உண்டு. தினக்கூலியை விட்டுவிட்டு மூன்று முறை வங்கிக்கு நடக்க முடியாதவருக்கும் சேர்த்துத்தான் நேரம் உள்ளவன் கேட்க வேண்டும்.

செஸ் செட் டவுனில் கடையிலேயே வாங்கினேன். பேரம் பேசி அதே பணத்துக்கு 13 செட். போன வெள்ளிக்கிழமை பள்ளியில் கொடுத்தாயிற்று. பில்லின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன், கணக்குச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னூட்டத்தில் "சூப்பர் சார்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இப்படி விட்டுவிட்ட பணம் உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா, எத்தனை நாள் ஆகிறது என்று எழுதுங்கள். 120 நாள் தாண்டாவிட்டால் நாளைக்கே வங்கிக்குப் போங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்