சுருதி சேர்க்காத பியானோவும் எமது பிள்ளைகளின் காதும்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எம்மவர் வீடுகளுக்குள் நுழைந்தால் ஹோலில் ஒரு பியானோ நிற்கும். அதன் மேல் பின்னல் துணி. துணியின் மேல் தண்ணீர் விட்ட பூச்சாடி. பக்கத்தில் சட்டம் போட்ட இசைச் சோதனைச் சான்றிதழ். "இதைக் கடைசியாக எப்போது ரியூன் பண்ணினீர்கள்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "வாங்கேக்குள்ள நல்லாத்தான் இருந்தது" என்பார். வாங்கி எட்டு வருடமாகியிருக்கும்.

இந்த மறுமொழியை நாம் பகிடியாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. நாமும் இதே மறுமொழியைச் சொல்லித் திரிந்தவர்கள்தான்.

நாம் சுருதி அறியாத சனமா? கச்சேரிக்கு வந்து அமரும் பாடகர் வாய் திறக்கும் முன்னர் தம்புராவின் 4 கம்பிகளையும் சேர்த்தாக வேண்டும். மிருதங்கக்காரர் கல்லை எடுத்துத் தட்டித் தட்டி வாத்தியத்தைச் சுருதிக்குக் கொண்டுவருகிறார். சபை பொறுமையோடு காத்திருக்கிறது. வயலின்காரர் உருப்படிகளுக்கு நடுவில் காதைச் சாய்த்துப் பிரடையைத் திருகினால் எவரும் முகம் சுளிப்பதில்லை. சுருதி மாதா, லயம் பிதா என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். ஆனால் 4 கம்பிக்குக் கொடுக்கும் மரியாதையை 230 கம்பிக்குக் கொடுக்க மறுக்கிறோம். ஏன்?

கட்டைகள் உள்ள வாத்தியம் என்றால் எமக்கு ஆர்மோனியம்தான். ஊரில் இசை நாடகத்திலும் பசனையிலும் நாம் கேட்டு வளர்ந்தது அதைத்தான். ஆர்மோனியத்தில் ஒலிப்பவை காற்றில் அதிரும் உலோக நாக்குகள். அவை வருடக்கணக்கில் சுருதியைக் காப்பாற்றும். ஆகவே கட்டையை அமுக்கினால் சரியான சுரம்தான் வரும் என்று நம்பிப் பழகிவிட்டோம். பியானோவைப் பெரியதொரு ஆர்மோனியம் என்று நினைத்ததுதான் எமது முதற் பிழை. அது பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் கம்பி வாத்தியம். உறவு சொல்வதானால் வீணைக்குத்தான் கிட்டிய சொந்தம்.

88 கட்டைகளுக்கும் ஏறக்குறைய 230 கம்பிகள் உள்ளன. கீழ்ச்சுரங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு, நடுவிலும் மேலும் கட்டைக்கு மூன்று மூன்று. ஒவ்வொன்றும் 70, 80 கிலோ பாரம் தொங்குவது போன்ற இழுவையில் நிற்கிறது. மொத்தமாகப் பார்த்தால் 18, 20 தொன் வரும். இந்த இழுவையை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது. ஒலியைப் பெருக்கித் தருவதோ மெல்லிய, சற்றே வளைந்த ஸ்புரூஸ் மரப்பலகை. மரம் ஈரத்தைக் குடித்தால் பருக்கும்; பலகை எழும்பிக் கம்பிகளை மேலும் இழுக்கும்; சுருதி ஏறும். காய்ந்தால் பலகை தாழும், சுருதி இறங்கும்.

இப்போது ரொறன்ரோவை நினைத்துப் பாருங்கள். யூலையில் காற்றே நனைந்திருக்கும். சனவரியில் வெளியே உறைகுளிர், உள்ளே இரவு பகலாக ஹீற்றர். எமது உதடு வெடிக்கிறது, கைத்தோல் பிளக்கிறது. கடைக்கு ஓடிக் கிறீம் வாங்குகிறோம். அதே அறையில் நிற்கும் மரத்துக்கு என்ன நடக்கிறது என்று யோசிப்பதில்லை. பியானோவுக்கு 40 முதல் 50 வீத ஈரப்பதன் உகந்தது. கடும் பனிக்காலத்தில் வீட்டுக்குள் அது 20 வீதத்துக்கும் கீழே இறங்கக்கூடும். வருடா வருடம் அந்தப் பலகை பருத்துச் சுருங்குகிறது. எல்லாக் கம்பிகளும் ஒரே அளவில் மாறுவதுமில்லை. நடுப்பகுதிதான் கூடுதலாக ஆடும். பிள்ளைகள் அதிகம் வாசிப்பதும் அந்த நடுப்பகுதியில்தான்.

ஆகவே கணக்கு இதுதான். புதுப் பியானோவுக்கு முதல் வருடத்தில் 3, 4 தடவை, ஏனெனில் புதுக் கம்பிகள் நீண்டுகொண்டேயிருக்கும். அதன் பின் வருடத்துக்கு 2 தடவை: ஹீற்றர் போடத் தொடங்கிச் சில கிழமைகள் கழித்து ஒன்று, அதை நிறுத்திச் சில கிழமைகள் கழித்து மற்றொன்று. கையில் காசு குறைவென்றால் வருடம் 1 தடவை, ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில். அதற்குக் கீழே பேரம் பேச இடமில்லை. வீடு மாறினால் பியானோ புது அறையின் காற்றுக்குப் பழக இரண்டு மூன்று கிழமை விட்டு, இன்னொரு தடவை.

இதற்கு எம்மவர் சொல்லும் நியாயங்களை நாம் அறிவோம். "பிள்ளை இப்ப அவ்வளவா வாசிக்கிறதில்லை, பிறகேன்?" என்பது முதலாவது. சுருதியைக் கெடுப்பதில் விரலுக்குள்ள பங்கைவிடக் காலநிலைக்குள்ள பங்கு பெரிது. மூடி வைத்த பியானோவும் சுருதி இழக்கும். "காசைப் பறிக்கிறாங்கள்" என்பது இரண்டாவது. ஒரு தடவைக்கு 150, 200 டொலர் அளவில் போகும். சாமத்திய வீட்டுக்கு மண்டபமும் நீட்டுக் காரும் பிடிக்கிற கை, இதற்கு மட்டும் நடுங்குகிறது. "எங்களுக்கு வித்தியாசம் தெரியேல்லையே" என்பது மூன்றாவது. இதுதான் மோசமானது. சுருதி ஒரே நாளில் விழுவதில்லை. மெல்ல மெல்ல விழுகிறது. காதும் அதற்கேற்ப மெல்ல மெல்லக் கெட்டுப் பழகுகிறது.

எமது கதையைச் சொல்லாமல் மற்றவரைச் சாடுவது நேர்மையல்ல. "வந்து தூக்கிக்கொண்டு போனால் போதும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து, மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது பாவித்த பியானோ ஒன்றைக் கொண்டுவந்தோம். கோப்பை கழுவிக் காசு சேர்த்த எமக்கு அது ஹோலில் நின்றதே போதுமாயிருந்தது. ஆறு வருடம் எவரையும் கூப்பிட்டு அதன் மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. நடுவுக்குச் சற்று மேலேயிருந்த ஒரு கட்டையில் அவள் அடிக்கடி நின்றுவிடுவாள். "இது அழுகுது" என்பாள். "சாட்டுச் சொல்லாமல் வாசி" என்றோம். சோதனையில், சுரங்களைக் கேட்டு இனங்காணும் பகுதியில் புள்ளி குறைந்தது. "இவளுக்குக் காது இல்லை" என்று நாமே தீர்ப்பு எழுதினோம். வீட்டுக்கு வந்த உறவினருக்கும் அவள் முன்னாலேயே அதைச் சொன்னோம். பதினான்கு வயதில் அவள் நிறுத்திவிட்டாள்.

பியானோவை விற்கலாமென்று ஒரு ரியூனரை அழைத்தோம். அவர் அந்தக் கட்டையை அமுக்கிப் பிடித்து எங்களைக் கேட்கச் சொன்னார். ஒலி அலையலையாக ஆடியது. 1939இல் இலண்டன் மாநாடு இணங்கி, பின்னர் சர்வதேச நியமமாகிய கணக்கின்படி அந்தச் சுரத்தின் கம்பிகள் நொடிக்கு 440 தடவை அதிர வேண்டும். எமது பியானோவில் ஒரு கம்பி 420இலும் பக்கத்துக் கம்பி 422இலும் நின்றன. இரண்டும் சேர்ந்தொலிக்கும்போது சத்தம் நொடிக்கு இரண்டு தடவை பொங்கித் தணியும். பிள்ளை "அழுகுது" என்றது இதைத்தான். பியானோ முழுவதும் ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் இறங்கியிருந்தது. ஒரே மூச்சில் ஏற்றினால் நிற்காது. துருப்பிடித்த கம்பி அறுந்தாலும் அறும் என்றார். முதலில் பொதுவாக ஏற்றிவிட்டு, பின்னர் இன்னொரு நாள் வந்து நுணுக்கமாகச் சேர்த்தார்.

அவளுக்குக் காது இருந்தது. அந்த வீட்டில் காது இருந்தது அவளுக்கு மட்டும்தான். பியானோ இப்போது சுருதியோடு நிற்கிறது. நாம் அதை விற்கவில்லை. அவள் அதைத் தொடுவதில்லை.

ஆகவே பியானோ வைத்திருக்கும் எம்மவரிடம் கேட்கிறோம். ரியூன் பண்ண மனமில்லையென்றால் அதைக் கொடுத்துவிட்டு, சுருதி சேர்க்கத் தேவையில்லாத மின்பியானோ ஒன்றை வாங்குங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. மரப் பியானோதான் வேண்டுமென்றால் பூச்சாடியை இறக்குங்கள். சூடான காற்று வரும் துவாரத்திலிருந்தும் வெயில் விழும் யன்னலிலிருந்தும் அதைத் தள்ளி வையுங்கள். பாவித்த பியானோ எடுக்கிறீர்களா? அதன் ஆணிகள் கம்பியை இறுக்கிப் பிடிக்கின்றனவா என்று எடுக்கும் முன்னரே ரியூனரைக் கொண்டு பாருங்கள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கலண்டரில் குறி போடும் நாம், இதற்கும் இரண்டு நாள் குறித்து வைக்கலாம்.

பிள்ளை ஒரு கட்டையில் நின்று "இது பிழை" என்றால், பிள்ளையைத் திருத்தும் முன்னர் பியானோவைத் திருத்துங்கள்.