கும்பிடும் கைகள் ஒட்டுகின்றனவா?

நீரிழிவு பற்றிப் பேச்சு வந்தால் எம்மவர் பலரும் சொல்வது, "எனக்கு இப்ப கொன்ட்ரோலில இருக்கு" என்பதுதான். வைத்தியரிடம் போவதற்கு ஒரு கிழமைக்கு முன் சோற்றைக் குறைத்து, தேநீருக்குச் சீனியை நிறுத்தி, வெறுவயிற்றோடு இரத்தம் கொடுத்துவிட்டு வந்து சொல்லும் வசனம் இது. இந்தக் கொன்ட்ரோலை நான் நம்புவதில்லை.

பாணைச் சுடும்போது மேற்புறம் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரையும் புரதமும் சூட்டில் பிணைவதால் வருவது அது. மையார் என்ற பிரெஞ்சு அறிஞர் 1912இல் இதனை விவரித்தார். எமது உடற்சூட்டிலும் இதே காரியம் மெதுவாக நடக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் புரதங்களில் ஒட்டுவதும் கூடும். ஹீமோகுளோபினில் ஒட்டியதை அளப்பதே எச்பிஏ1சி பரிசோதனை. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால் இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் இருக்கும். ஒரு கிழமைப் பத்தியத்தால் அதை மறைக்க முடியாது. வெறுவயிறும் தேவையில்லை. (2018இல் இங்கு அலகு மாறியது. நீரிழிவு என்று கொள்ளும் பழைய 6.5 வீத எல்லை இப்போது 48. எண்ணைக் கண்டு பதறவேண்டாம்.)

செங்குருதிக் கலம் அழிந்து புதிது வரும். தோலிலும் மூட்டிலும் இரத்தக் குழாயிலும் உள்ள கொலாஜன் என்ற புரதமோ ஆண்டுக்கணக்கில் இருப்பது. அதில் ஒட்டிய சர்க்கரை நாளடைவில் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விறைக்கச் செய்கிறது. கண், சிறுநீரகம், நரம்பு பழுதடைவதற்கும் இது ஒரு காரணம், ஒரே காரணமல்ல.

இப்போது கும்பிட்டுப் பாருங்கள். உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளியின்றி ஒட்டவேண்டும். நீண்டகால நீரிழிவுக்காரர் சிலருக்கு விரல்கள் மடங்கியே நிற்கும். கும்பிடும் கையின் பெயராலேயே வைத்தியர்கள் இந்த அறிகுறியை அழைக்கிறார்கள். கை ஒட்டினால் நோயில்லை என்று எண்ணிவிடாதீர்கள், அப்படி அர்த்தமில்லை.

எமக்கு ஏன் இவ்வளவு அக்கறை? 2000ஆம் ஆண்டளவில் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் நடந்த ஆய்வில், தெற்காசியப் பெண்களில் 27.5 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. மேற்கத்தியப் பெண்களில் 2.9 வீதம்தான்.

"பிறகு பார்ப்பம்" என்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதலாம் வகை நீரிழிவுள்ள 1441 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அது முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் தொடக்கத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்கே பல ஆண்டுகள் கழித்தும் பாதிப்புகள் அதிகம் வந்தன.

விரல் விறைப்பைத் துப்புரவு வேலையிலும் குளிரிலும் பழிபோட்டுவிட்டு இருக்கிறோம். அடுத்த முறை குடும்ப வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள். எச்பிஏ1சி எத்தனை என்று கேட்டு எழுதி வாருங்கள். கண், கால், சிறுநீர்ப் பரிசோதனைகள் கடைசியாக எப்போது நடந்தன என்றும் கேளுங்கள்.