சட்டவிரோதக் குடியேறிகளா, தாயகம் திரும்பியோரா?

குடியேற்றச் சட்டங்களைக் கடுமையாக்குவதா, தளர்த்துவதா என வாதிடும் இரு தரப்பும், எல்லையைக் கடந்தவரை முதலில் கடக்க வைத்தது யார் என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களிலுள்ள மலையகத் தமிழர்களின் வரலாறு இக்கேள்வியைத் தவிர்க்க விடாது.

பிரித்தானிய ஆட்சியில் கங்காணிகள் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பறையர், பள்ளர், அருந்ததியர். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களின் வழித்தோன்றல்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். சொத்துப் பிரிவினையில்கூடப் பங்காளிகளின் சம்மதம் கேட்கப்படும். இம்மக்களிடம் அதுவும் கேட்கப்படவில்லை.

1983 வன்முறைக்குப் பின் இவர்களில் ஒரு பகுதியினர் உயிர் தப்பி இங்கு வந்தனர். உரிய பயண ஆவணம் இல்லை என்பதால் குடியுரிமைச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. பதிவின் மூலமோ இயல்புரிமையின் மூலமோ அவர்கள் குடியுரிமை பெற இயலாது. பெற்றோருள் ஒருவர் இவ்வகையினராக இருந்தாலே, 3.12.2004 முதல் இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்கும் பிறப்பால் குடியுரிமை கிடைக்காது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டும் கதவைத் திறந்தது. அங்கும் முஸ்லிம்களை விலக்கியது. 2025ஆம் ஆண்டின் புதிய குடியேற்றச் சட்டத்தையொட்டிய விலக்கு ஆணை, 9.1.2015 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்களித்தது. அது நிவாரணமே, ஆனால் குடியுரிமை அன்று.

தலித் இயக்கங்கள் இதைத் தம் பிரச்சினையாகக் கருத வேண்டிய காரணம் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. சமத்துவம் பேசும் 14ஆம் உறுப்பும் உயிர்வாழும் உரிமை பேசும் 21ஆம் உறுப்பும் அனைவருக்கும் உரியவை. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்பும் 'குடிமக்கள்' என்ற வரையறை எதையும் இடவில்லை. ஆனால் கடை, உணவகம், கிணறு, குளம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுக்கும் 15(2) குடிமக்களுக்கு மட்டுமே. அரசுப் பணி இடஒதுக்கீடும் அவ்வாறே. சாதி அவர்களோடு கடலைக் கடந்து சென்று திரும்பியும் வந்துவிட்டது. சாதிக்கு எதிரான பாதுகாப்புகளில் பாதி முகாம் வாசலில் நின்றுவிடுகிறது.

முகாம்வாசிகள் அனைவரையும் 'ஈழ உறவுகள்' என ஒரே சொல்லில் அடக்கும் நம்மூர்த் தமிழ்த் தேசியமும் இந்த மறைப்பில் பங்கு வகிக்கிறது. மலையகம் என்பதும் தலித் என்பதும் அந்தச் சொல்லுக்குள் காணாமல் போகின்றன.

இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனிலேயே கூறியது. பிரிவு 2(1)(ஆ)இல் உள்ள 'சட்டவிரோதக் குடியேறி' வரையறைக்கு 2019இல் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. அதிலிருந்து மத அளவுகோலை நீக்கி, இலங்கையையும் அதில் சேர்க்க நாடாளுமன்றத்தால் இயலும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் அதற்கான திருத்த முன்வரைவைத் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவர வேண்டும்.