நோ லை என்றால் சுண்ணாம்பு

இந்தப் பதிவில் வட்டி விகிதம், ரெமிட்டன்ஸ், என்.ஆர்.ஐ. டெபாசிட் எதுவும் வராது. தலைமுடி மட்டும்தான். ஆண்கள் எழுந்து போகலாம். ஆனா வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் உட்காருங்க.

வீட்டிலேயே முடியை நேராக்கிக்கொள்ள ‘ரிலாக்ஸர்’ என்று ஒரு டப்பா விற்கிறார்கள். இங்கே துபாயில் தேய்ரா பக்கம், ஆப்பிரிக்கப் பெண்கள் வந்துபோகும் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் இரண்டு சாதி. ஒன்று லை உள்ளது. இன்னொன்று ‘நோ லை’. இந்த இரண்டாவது சாதிக்கு இப்போது நம்ம ஊரிலும் ஆசை வந்துவிட்டது. வலியசாலையிலிருந்து தம்பி மகள் வாட்ஸப்பில் படம் அனுப்புகிறாள். “அத்தை, இதுல லை கிடையாதாம், கெமிக்கல் இல்லாததுதானே? ஓணத்துக்கு வரும்போது ரெண்டு டப்பா கொண்டுவாங்க.” பின்னாலேயே தம்பி பெண்டாட்டி குரல்: “மைனி, லை இல்லாததாப் பாத்து வாங்குங்க, பிள்ளைக்கி தலை எரியக் கூடாது.”

‘கெமிக்கல் இல்லாதது’ என்று அந்தப் பிள்ளை நினைத்ததில் தப்பே இல்லை. அப்படி நினைக்கட்டும் என்றுதான் அட்டையில் அச்சடித்திருக்கிறான். என் கோபமெல்லாம் அவன் மேல்தான்.

லை என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு. நம்ம பாஷையில் காஸ்டிக் சோடா. கேரளத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் சோப்புக் கிட் வாங்கி, தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கிண்டி, வீட்டிலேயே சோப்பு செய்த தலைமுறை நாங்கள். அந்தக் காரத்தண்ணியைத் தொடும்போது அம்மா எங்களை அடுக்களைப் பக்கமே விட மாட்டாள். கையில் பட்டால் முதலில் சோப்பு மாதிரி வழுக்கும், அப்புறம் எரியும். அந்த வழுக்கல் என்ன என்று நினைக்கிறீர்கள்? நம்ம தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவதுதான்.

சரி, லை இல்லாத டப்பாவில் என்ன இருக்கிறது? பெட்டியைத் திறந்தால் ஒரு கிரீம், ஒரு குட்டி பாட்டில். கிரீமில் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதாவது சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. குட்டி பாட்டிலில் குவானிடின் கார்பனேட். இரண்டையும் வீட்டில் நாமே கலக்க வேண்டும். கலந்தால் குவானிடின் ஹைட்ராக்சைடு பிறக்கும். இதுவும் வலுவான காரம்தான். கூடவே கால்சியம் கார்பனேட், அதாவது சாக்பீஸ் மாவு, மிச்சமாகத் தங்கும். (அந்த மாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வேலை இருக்கிறது.) சில டப்பாக்களில் கலக்கும் வேலை இல்லை, லித்தியம் ஹைட்ராக்சைடு. சோடியத்தைக் கழற்றிவிட்டு லித்தியத்தை உட்கார வைத்தாச்சு, போர்டை மாற்றியாச்சு.

காரத்தன்மையை அளக்கும் பி.எச். கணக்கில் நல்ல தண்ணீர் 7. லை ரிலாக்ஸரானாலும் சரி, லை இல்லாததானாலும் சரி, 12, 13 என்றுதான் நிற்கும். ஒரு எண் ஏறினால் பத்து மடங்கு என்பது அதன் கணக்கு, நம்ம கூட்டு வட்டியை விட மோசம். இந்த அளவுக்குக் காரம் இல்லாவிட்டால் சுருள் நேராகவே ஆகாது. முடியின் கெரட்டினுக்குள் கந்தகப் பிணைப்புகள் இருக்கின்றன. அவற்றை உடைத்து, பழைய நிலைக்குத் திரும்ப முடியாதபடி மாற்றுவதுதான் இந்த வேலை. உடைக்க வலு வேண்டும். வலு இருந்தால் தோலையும் விடாது. ‘மென்மையாக நேராக்கும்’ என்பது ‘வலிக்காமல் பல் பிடுங்கப்படும்’ போர்டு மாதிரிதான்.

அட்டையில் எழுதியிருப்பது பொய் என்று கேஸ் போட முடியாது. லை என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு, அது உள்ளே இல்லை, ஆகவே நோ லை. எழுத்துக்கு எழுத்து சரி. இந்த வித்தையை வங்கிக்காரிக்குக் காட்டாதீங்க சாமி. ‘ஜீரோ பர்சென்ட் இ.எம்.ஐ.’ என்று டி.வி., ஃப்ரிட்ஜ் விற்றார்களே, அதே கதை. வட்டி என்ற பெயரில் ஒன்றும் இல்லை, பிராசசிங் ஃபீ என்ற பெயரில் உண்டு, தள்ளுபடியை மறுத்த வகையில் உண்டு. ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் சர்க்குலர் போட்டு, ஜீரோ பர்சென்ட் வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று சொல்லி அந்த விளையாட்டை நிறுத்தச் சொன்னது. முடி டப்பாவுக்கு அப்படி ஒரு ரிசர்வ் வங்கி இல்லை.

இந்த ‘நோ லை’ வியாபாரம் எப்படி வந்தது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. சிகாகோவில் ஜான்சன் ப்ராடக்ட்ஸ் என்று ஒரு கறுப்பின முதலாளியின் கம்பெனி, அல்ட்ரா ஷீன் என்ற பெயரில் ரிலாக்ஸர் விற்றது. 1975-ல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் அவர்களைப் பிடித்து, இதில் லை இருக்கிறது, ஜாக்கிரதை என்று எச்சரிக்கை போட வைத்தது. லை என்ற சொல்லே பயமுறுத்தும் சொல் ஆனது. 1970-களின் கடைசியில் ‘நோ லை’ டப்பாக்கள் கடைக்கு வந்தன. பயத்தை அரசாங்கம் கிளப்பியது, பயத்துக்கு மருந்தைக் கம்பெனிகள் விற்றன. உள்ளே இருந்த காரம் மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இந்த ‘இல்லை, இல்லை’ பாட்டு அங்கேயே நிற்கவில்லை. 1990-களில் ரியோ என்று ஒரு சரக்கு, இயற்கையானது, கடுமையான கெமிக்கல் கிடையாது என்று டி.வி.யில் மணிக்கணக்கில் கூவி விற்றார்கள். முடி கொத்தாக வந்தது, பச்சை நிறமாக மாறியது என்று அமெரிக்க எஃப்.டி.ஏ.வுக்கு 3,000-க்கும் மேல் புகார். அது காரமே இல்லை, கடும் அமிலம்! அப்புறம் வந்தது கெரட்டின் டிரீட்மென்ட். பிரேசிலியன் புளோஅவுட் என்ற சரக்கில் ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று போட்டிருந்தான். 2010-ல் ஆரிகன் மாநிலத்தில் சோதித்தால் தாராளமாக இருந்தது. 2012-ல் கலிபோர்னியாவில் 6 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்தார்கள். அடுத்த ரவுண்டு, ஃபார்மலினுக்குப் பதில் கிளையாக்சிலிக் அமில வகை. இஸ்ரேலில் 2019 முதல் 2022 வரை முடி நேராக்கிக்கொண்ட 26 பேருக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2023-ல் டாக்டர்கள் எழுதினார்கள். இப்படி ‘இது இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டால், ‘பதிலுக்கு எது இருக்கிறது’ என்று நாம் கேட்கவே மாட்டோம் என்பது அவர்கள் கணக்கு.

“சரி அத்தை, ரெண்டுல எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள். நியாயமான கேள்வி, நேரான பதிலே சொல்கிறேன். தலைத்தோலுக்கு லை இல்லாதது கொஞ்சம் தேவலை, எரிச்சல் குறைவு. முடிக்கு லை உள்ளதே தேவலை. அந்த சாக்பீஸ் மாவு ஞாபகம் இருக்கா? அந்தக் கால்சியம் முடியில் படிந்து, போர்வெல் தண்ணியில் குளித்த மாதிரி முடியை வறட்டி, மினுக்கத்தைத் தின்றுவிடும். அதனால்தான் கை தேர்ந்த அழகுக்கலைக்காரர்கள் பலர் லை ரிலாக்ஸரையே எடுக்கிறார்கள். அதுவும் அவர்கள் கையில்.

இதில் எனக்குப் பெரிய பயம் வேறு. லை எரியும். எரிந்தால் பிள்ளை கத்தும், கத்தினால் கழுவுவோம். லை இல்லாதது கம்மியாக எரியும். “எரியலையே, இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும், நல்லா நேராகட்டும்” என்று விட்டுவிடுவோம். காரம் அதுபாட்டுக்கு முடியைத் தின்றுகொண்டிருக்கும். அலாரம் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, திருடன் வரவில்லை என்று சந்தோஷப்படுகிற கதை இது.

எங்கள் பிராஞ்சில் நைரோபிக்காரி ஒருத்தி இருக்கிறாள். இருபது வருஷமாக ரிலாக்ஸர் போடுகிறவள். அவளிடம் கேட்டேன், வீட்டில் நீயே போட்டுக்கொள்வாயா என்று. சிரித்தாள். எட்டு வாரத்துக்கு முன்னால் மறுபடி தொடவே கூடாதாம். புதிதாக வளர்ந்த வேர்ப்பக்க முடியில் மட்டும்தான் தடவ வேண்டும், ஏற்கெனவே நேரானதில் பட்டால் அறுந்துவிடும். முந்தின நாள் தலை குளிக்கக் கூடாது, சொறியக் கூடாது. தலைத்தோல், காது, நெற்றி ஓரம் எல்லாம் வாசலின் பூசியாக வேண்டும். அவள் அம்மா, பெரியம்மா என்று தலைமுறையாகப் பட்டுத் தெரிந்துகொண்ட தொழில் அறிவு அது. நாம் அந்த அறிவை விட்டுவிட்டு டப்பாவை மட்டும் எடுத்துவருகிறோம். ஷாம்பு மாதிரி தலை முழுக்கக் கொட்டி, சீரியல் பார்த்துக்கொண்டு உட்காருவோம்.

இன்னொன்று, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமே உள்ள ஆபத்து. பாதிப்பேர் ஏற்கெனவே பார்லரில் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் செய்தவர்கள். அங்கே பெரும்பாலும் போடுவது தயோகிளைகோலேட் வகை. அதுவும் கந்தகப் பிணைப்பைத்தான் உடைக்கும், ஆனால் வேறு வழியில். அந்த முடி மேல் இந்த ஹைட்ராக்சைடு வகை போனால், அது லை ஆனாலும் லை இல்லாததானாலும், முடி நேராகாது, கையோடு வரும். சந்தேகம் இருந்தால் கை, கால் முடியை எடுக்கும் கிரீம் டப்பாவைத் திருப்பிப் படிங்க. தயோகிளைகோலேட்டும் ஒரு ஹைட்ராக்சைடும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். தம்பி மகள் போன வருஷம்தான் ஸ்மூத்தனிங் செய்தாள். அவளை அந்த பார்லரில் யாரும் இதைச் சொல்லி எச்சரிக்கவில்லை. டப்பாவின் உள்ளே இருக்கும் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். வெளியே கொட்டை எழுத்தில் ‘நோ லை’.

புற்றுநோய் விஷயமும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த இல்லை, கணக்காக. 2022-ல் அமெரிக்காவில் 33,497 பெண்களைச் சுமார் 11 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. நேராக்கும் சரக்கு போடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருவது 1.64 சதவீதம், அடிக்கடி போட்டவர்களில் 4.05 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். இதனால்தான் அது வந்தது என்று நிரூபணம் ஆகவில்லை, தொடர்பு மட்டும்தான். எந்த பிராண்டு, உள்ளே என்ன என்று அந்த ஆய்வில் கேட்கவும் இல்லை. ஆகவே நோ லை போட்டவள் தப்பித்தாள் என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை.

இவ்வளவும் எதற்கு? ஒரு சுருளுக்கு. எங்க அம்மா, ஆச்சி எல்லாருக்கும் சுருள் முடிதான். செம்பருத்தித் தாளி அரைத்துத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் வைத்து, ஈரத்தில் கோதிவிட்டுப் போவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் முடி வளைந்திருக்கிறது என்று திரும்பிப் போனதாக வலியசாலையில் நான் கேள்விப்பட்டதில்லை. இப்போது கல்யாண ஆல்பத்தில் முடி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தாக வேண்டுமாம். யார் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை. நேராகத்தான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், அது அவள் தலை, அவள் இஷ்டம். ஆனால் படித்த கையில், பழைய டிரீட்மென்ட் எல்லாம் ஒளிக்காமல் சொல்லி, ஒரு கற்றையில் சோதித்துப் பார்த்த பிறகு போடட்டும். அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மா கையால் வேண்டாம்.

இதை மீறி யாராவது வீட்டில் செய்து எரிந்தால்: உடனே ஓடும் தண்ணியில் கழுவுங்க, இருபது நிமிஷமாவது. காரத்துக்கு அமிலம் என்று பள்ளிக்கூடப் பாடத்தை நினைத்து எலுமிச்சம்பழம், வினிகர் எதையும் தேய்க்காதீங்க, புண் மேல் புண்ணாகும். கண்ணில் தெறித்தால் அதைவிட அவசரம். சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடிக் கண் கெட்ட குழந்தைகளை இந்தியாவில் கண் டாக்டர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார்கள். இமையைத் திறந்து பிடித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நேரே ஆஸ்பத்திரி.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். அட்டையைத் திருப்பிப் படிப்பது மட்டும் என் தொழில். தலையில் ஏற்கெனவே புண், பொடுகு, அரிப்பு இருப்பவர்கள் தோல் டாக்டரைப் பாருங்க, என் பதிவை வைத்து முடிவு பண்ணாதீங்க. தம்பி மகளே, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். ஓணத்துக்கு வருகிறேன். பெட்டியில் பேரீச்சம்பழம் உண்டு, நீ கேட்ட பெர்ஃப்யூம் உண்டு. அந்த டப்பா கிடையாது மக்களே :-)