செஞ்சிக்குக் கிடைக்காத நிலம்

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கோட்டையைப் பார்க்க ரயிலில் வருகிறவர்கள் இன்னும் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கி பஸ் பிடிக்கிறார்கள். பக்கத்து அனந்தபுரத்துக்காரர்களுக்கும் அதே கதிதான்.

திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது 2006 வாக்கில். நீளம் 71 கிலோமீட்டர். தேவையான நிலம் 273 ஹெக்டேர். கைக்கு வந்தது 33 ஹெக்டேர்தான் என்று ரயில்வே அமைச்சகமே சொல்லியிருக்கிறது. மாநிலத்தை மத்திய அரசு குறை சொல்கிறது, மத்திய அரசை மாநிலம். இதற்கிடையில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது.

காரைக்கால் பக்கம் கதை வேறு. 1898இல் திறந்த பேரளம்–காரைக்கால் பாதையில் 1980களில் ரயில் நின்றது. ஆனால் தடம் ரயில்வேயிடமே இருந்தது. அதனால்தான் 2025இல் அங்கே அகலப் பாதை போட முடிந்தது. மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1926இல் தொடங்கி 1986இல் நின்ற அந்தத் தடத்தில் தண்டவாளமும் இல்லை, ரயிலும் இல்லை.

இந்திய ரயில்வேயிடம் ஏறத்தாழ 4.9 லட்சம் ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அதில் சுமார் 62,000 ஹெக்டேர் காலி. அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளுக்கு நிலத்தை அரசு இலவசமாகக் கொடுத்தது. முதலீட்டுக்கு 5 சதவீத வருமானமும் உறுதி செய்தது. மயிலாடுதுறை–முத்துப்பேட்டை பாதையோ 1894இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டின் பணத்தில் போட்டது, அதாவது ஊர் மக்களின் வரிப்பணம். இப்படி வந்த சொத்தை வெறும் மனைக்கணக்காகப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

காலி நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்க்க 2005இல் சட்டத்தைத் திருத்தி ரயில் நில மேம்பாட்டு ஆணையம் அமைத்தார்கள். பெருநகர ஸ்டேஷன் ஓரத்து மனையில் கடைகள் வரட்டும், பாதகமில்லை. கைவிட்ட பாதையின் தடம் அப்படியல்ல. நடுவில் ஒரு துண்டு போனாலும் முழுப் பாதையும் போயிற்று. அமெரிக்காவில் டெக்சாஸ் அண்ட் பசிபிக் ரயில் கம்பெனி நொடித்தபின் 1888இல் அதன் நிலம் கடன்பத்திரக்காரர்களின் அறக்கட்டளைக்குப் போனது. அதன் வாரிசு நிறுவனம் இன்றும் 8 லட்சம் ஏக்கருக்கு மேல் வைத்துக்கொண்டு எண்ணெய்க் கிணறுகளில் பங்குத்தொகை வாங்குகிறது. பணம் வருகிறது, அதனால் யாருக்கும் ரயில் வரவில்லை.

கைவிட்ட தடங்களை ரயில்வே அளந்து எல்லைக்கல் நட வேண்டும். அவற்றில் ரயிலைத் தவிர வேறெதற்கும் நீண்டகாலக் குத்தகை கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டும். செஞ்சிப் பாதைக்கு மீதமுள்ள 240 ஹெக்டேரை எடுக்கத் தனி வருவாய் அலுவலரை மாநில அரசு நியமிக்கட்டும். இழப்பீட்டுப் பணத்தை ரயில்வே முன்கூட்டியே கட்டட்டும். நிலம் கொடுக்கும் விவசாயிக்கு இன்றைய சந்தை விலை கிடைக்க வேண்டும், 2006 விலை அல்ல.