விதூஷகனின் கண்ணீர்

ஊரைச் சிரிக்க வைப்பவனுக்கு அழ உரிமை உண்டா? பழைய சம்ஸ்கிருத நாடகாசிரியர்கள் விதூஷகனுக்கு வயிறு நிறையக் கொழுக்கட்டை கொடுத்தார்கள். துக்கத்தை மட்டும் கதாநாயகனுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள்!

மேல்நாட்டில் இந்தக் குறையைத் தீர்த்தவர் இத்தாலியரான லியோன்கவால்லோ. 1892-ல் அரங்கேறிய அவருடைய ‘பாலியாச்சி’ இசை நாடகத்தில், மனைவியின் துரோகத்தை அறிந்த கோமாளி, வேஷம் போட்டுக்கொண்டு மேடையேற வேண்டிய வேளையில் நெஞ்சு வெடிக்கப் பாடுகிறான்.

தமிழில் அப்படியொரு பாட்டைத் தந்தவர் நம் ஸ்ரீரங்கத்துக்காரர். 1989-ல் வெளிவந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில், சர்க்கஸ் கோமாளியான குள்ள அப்பு பாடும் சோகப் பாட்டை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். தான் நேசித்த பெண் வேறொருவனை மணக்கப் போகிறாள் என்று அறிந்தபின் பாடுகிறான். இசை இளையராஜா, குரல் எஸ். பி. பாலசுப்பிரமணியம், வார்த்தைகள் கவிஞர் வாலியுடையவை. அப்பு யாரையும் பழிக்கவில்லை, தன்னைத்தானே பரிகசித்துக்கொள்கிறான். பிறரைச் சிரிக்க வைத்தே பழகியவனுக்குத் தன் துக்கத்தைச் சொல்லவும் வேறு பாஷை தெரியவில்லை!

வாலி இந்தத் துயரத்தின் சுவையை அறியாதவரல்லர். ரங்கராஜன் என்ற இயற்பெயருடன் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த அவர், சென்னையில் சந்தர்ப்பமின்றி வாடி, வேறு வேலைக்குப் போய்விடத் தீர்மானித்த சமயம், ‘சுமைதாங்கி’ (1962) படத்துக்காகப் பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய ஆறுதல் பாட்டைக் கேட்டு மனம் மாறியதாக அவரே சொல்லியிருக்கிறார். எழுதியவர் கண்ணதாசன், இசையமைத்த இரட்டையர்களில் ராமமூர்த்தி நம் திருச்சிராப்பள்ளிக்காரர். மறு வருஷமே ‘கற்பகம்’ வாலிக்குப் புகழ் தேடித் தந்தது. ஒரு பாட்டினால் பெற்ற ஆறுதலை, அப்புவின் பாட்டின் மூலம் அவர் உலகுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்றே நாம் கருதுகிறோம்.

வாலி 2013-ல் காலமானார், பாட்டு நிலைத்திருக்கிறது. காரணம் எளிது. அப்பு சர்க்கஸில் மட்டும் இல்லை. வகுப்பில் ஓயாமல் வேடிக்கை செய்யும் பையனைக் ‘கவலையற்றவன்’ என்று உபாத்தியாயர்கள் தீர்மானித்துவிடுகிறோம். விருந்தினரை முகமலர்ந்து உபசரிக்கும் மருமகளைப் பற்றி வீட்டாரும் அவ்விதமே எண்ணிவிடுகிறார்கள். அழுகிறவரைத் தேற்றப் பலர் ஓடிவருவார்கள். சிரிக்கிறவர்களை யார் விசாரிக்கிறார்கள்?

அடுத்த முறை வானொலியில் அந்தப் பாட்டு வரும்போது, கேட்டு உருகுவதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வீட்டில் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவர் யாரோ, அவரிடம் சற்று உட்கார்ந்து பேசுங்கள்.